சுற்றுவது தலையா, காதா?

2025 ஜூலை 21ஆம் தேதி காலை. சென்னையில் வழக்கம்போல் நடைப்பயிற்சிக்குப் போயிருந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலினுக்குத் தலைசுற்றல் வந்தது. ஆயிரம் விளக்கு அப்பல்லோ மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்தடுத்துப் பரிசோதனைகள் நடந்தன. இதயத் துடிப்பில் ஏற்பட்ட மாறுபாட்டால்தான் தலை சுற்றியது என்று மருத்துவமனையின் அறிக்கை சொன்னது. 24ஆம் தேதி காலை அதற்கான சிகிச்சை முடிந்தது; ஆஞ்சியோகிராம் இயல்பாக இருந்தது. 27ஆம் தேதி வீடு திரும்பினார்.

அரசியல் பரபரப்பில் பலரும் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இந்தச் செய்தியில் இருக்கிறது. தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. எதனால் சுற்றியது என்று தேடினார்கள். மூன்று நாளில் விடை கிடைத்தது. தலையில் தெரிந்த கோளாறுக்குக் காரணம் நெஞ்சில் இருந்தது.

அதே தலைசுற்றல் தருமபுரி மாவட்டம் கடத்தூரில் ஒருவருக்கு வந்தால் என்ன ஆகும்?

கடத்தூர் ஒரு பேரூராட்சி. வெற்றிலை வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். சுற்றிலும் கரும்பு, மரவள்ளி, தென்னை, கறவை மாடு. ரயில் ஏற வேண்டுமென்றால் பொம்மிடி. மேல்சிகிச்சை என்றால் தருமபுரி, அதற்கும் மேல் சேலம். இளவட்டங்களில் பலர் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இப்படிப்பட்ட ஊரில் தலை கிறுகிறுத்தால் முதல் வைத்தியம் வீட்டிலேயே நடக்கும். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு. ரத்தம் கம்மி என்று பேரீச்சம்பழம். பிரஷர் இறங்கிவிட்டது என்று உப்புப் போட்ட மோர். அடங்கவில்லை என்றால் மருந்துக்கடை. பிறகு ஊசி போடும் டாக்டர். கடைசியில் டவுனுக்குப் போய் ஒரு எக்ஸ்ரே. அதில் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் கழுத்துப் பட்டையோடு திரும்பி வருவார்கள். தேடல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

கழுத்தின் மேல் பழி விழுவதற்குக் காரணம் உண்டு. நாற்பதைத் தாண்டிய பெரும்பாலானவர்களின் எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பு கொஞ்சமாவது தேய்ந்துதான் இருக்கும். தலை சுற்றுகிறவருக்கும் இருக்கும், சுற்றாதவருக்கும் இருக்கும். தருமபுரியில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது. பல்லில் கறை, முதுகு விறைப்பு, மூட்டு இறுக்கம் என்று ஒரு தலைமுறையே அவதிப்பட்ட பிறகுதான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. கழுத்தும் முதுகும் நிஜமாகவே வலிக்கிற ஊரில், தலைசுற்றலையும் கழுத்தின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். ஆனால் கழுத்துத் தேய்மானம் மட்டுமே உலகத்தைச் சுழல வைக்கும் என்பதை மருத்துவ உலகம் இன்றுவரை உறுதியாக ஏற்கவில்லை. சுழற்சிக்கான காரணத்தை முதலில் தேட வேண்டிய இடம் காது.

காதுக்குள் ஒரு சுண்ணாம்பு

காது கேட்பதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உட்செவியின் ஒரு பகுதிதான் கேட்கும் வேலையைச் செய்கிறது. மற்றொரு பகுதி, நாம் நேராக நிற்கிறோமா, சாய்கிறோமா, திரும்புகிறோமா என்று ஒவ்வொரு கணமும் மூளைக்குச் சொல்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. அவற்றுக்குள் திரவம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது அந்தத் திரவம் சற்றுப் பின்தங்கி நகரும். குழலின் அடியில் இருக்கும் நுண்மயிர்கள் அதை உணர்ந்து சேதி அனுப்பும்.

குழல்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய பை. அதன் படலத்தின் மேல் மிக நுண்ணிய படிகத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் கால்சியம் கார்பனேட். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு காற்றில் காய்ந்து இறுகினால் எந்தப் பொருளாக மாறுமோ, அதே பொருள். வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ, பல நேரம் எந்தக் காரணமும் தெரியாமலோ இந்தத் துகள்கள் கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடும். அப்புறம் படுக்கையில் ஒருக்களித்தால் போதும், துகள்கள் உருளும், திரவம் நகரும். உடம்பு அசையாமல் கிடந்தாலும், தலை வேகமாகச் சுழல்கிறது என்று காது மூளைக்குப் பொய் சொல்லும்.

பாயில் புரண்டால் கூரை சுற்றும். பரணில் இருக்கும் பாத்திரத்தை அண்ணாந்து பார்த்தால் சுவர் சாயும். குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் தரை நழுவும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வாந்தி மட்டும் மிச்சமிருக்கும். நிலைமாற்றத் தலைசுற்றல் என்று சொல்லப்படும் இதுதான் சுழல்கிற தலைசுற்றலுக்கு மிகச் சாதாரணமான காரணம். வாழ்நாளில் ஒருமுறையாவது இதற்கு ஆளாகிறவர்கள் 100க்கு 2.4 பேர் என்று ஜெர்மனியில் நடந்த மக்கள் கணக்கெடுப்பு ஒன்று 2007இல் சொன்னது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

தலைசுற்றலைக் காதோடு சேர்த்துப் பார்க்க மருத்துவ உலகத்துக்கே நெடுங்காலம் ஆனது. 1861இல் பாரிஸ் நகர மருத்துவர் புரோஸ்பர் மெனியேர், காது கோளாறாலும் தலை சுற்றும் என்று மருத்துவக் கழகத்தில் சொல்லும்வரை, அது மூளைக்குள் நடக்கும் ரத்தக் கோளாறு என்றே நம்பினார்கள். அதற்குச் சுமார் 40 ஆண்டு கழித்து வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற இளம் மருத்துவர், நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தலை சுற்றுகிறது, தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, சூடான தண்ணீரை எடுத்தார். அப்போதும் சுற்றியது. ஆனால் கண்மணிகள் துடித்த திசை மாறியிருந்தது. குளிர்ச்சியும் சூடும் உட்செவித் திரவத்தை எதிரெதிர்த் திசைகளில் நகர்த்துகின்றன என்பதை அதிலிருந்து பிடித்தார். 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதி. ஸ்வீடன் நாட்டு இளவரசர் தலையிட்டதால் 1916இல் விடுதலையாகி, அதன் பிறகே பரிசை வாங்கினார்.

சிரித்தவர்களும் சிகிச்சையும்

துகள் உருண்டு போய்விட்டதால் வந்த கோளாறு என்றால், உருட்டியே திரும்பக் கொண்டுவரலாமே? அமெரிக்காவின் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஜான் எப்லி இப்படித்தான் யோசித்தார். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, புவியீர்ப்பின் துணையோடு துகள்களைப் பழைய பைக்கே கொண்டுசேர்க்கும் முறையை 1980இல் மற்ற மருத்துவர்களுக்குச் செய்து காட்டினார். நம்பினவர்கள் குறைவு. கேலி செய்தவர்கள் உண்டு. கட்டுரையை மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின, 1992இல்தான் அச்சேறியது. அதற்குப் பிறகும் அவர் வாழ்ந்த மாநிலத்தின் மருத்துவ வாரியம் அவர்மேல் விசாரணை நடத்தியது. அதிலிருந்து மீண்டார். இன்று உலகம் முழுக்க நிலைமாற்றத் தலைசுற்றலுக்கு முதல் சிகிச்சை அவர் பெயரில் இருக்கிறது.

அதைச் செய்ய ஒரு கட்டில் போதும். முதலில் எந்தக் காது என்று கண்டுபிடிக்க வேண்டும். மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இருவர் 1952இல் லண்டனில் வகுத்துத் தந்த சோதனை அதற்கு இருக்கிறது. நோயாளியைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். தலை கட்டில் விளிம்பைத் தாண்டிச் சற்றுத் தொங்கும். கண்ணை மூடக் கூடாது. ஓரிரண்டு வினாடி ஒன்றும் நடக்காது. பிறகு கண்மணிகள் சுழன்று சுழன்று துடிக்கத் தொடங்கும். நோயாளி கட்டிலை இறுகப் பிடித்துக்கொள்வார்; சிலர் அலறுவார்கள். அரை நிமிடத்தில் துடிப்பு அடங்கும். எந்தப் பக்கம் துடித்ததோ அந்தக் காதுதான் குற்றவாளி. வலது காது என்றால், அதே நிலையிலிருந்து தலையை மெல்ல இடது பக்கம் 90 டிகிரி திருப்பி நிறுத்துவார்கள். பிறகு உடம்போடு சேர்த்து இடது பக்கம் உருட்டி, முகம் தரையைப் பார்க்கும்படி செய்வார்கள். கடைசியில் எழுப்பி உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம், ஒரு நிமிடம். அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே குணம் தெரியும்.

மாத்திரை இல்லை, ஸ்கேன் இல்லை, செலவும் இல்லை. ஒரு பிரஷர் கருவியைப் போல ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தச் சோதனை பழக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது பேராசை ஆகாது. கழுத்து இறுகிப்போனவர்களை, ஃபுளோரைடால் முதுகு விறைத்தவர்களை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். அவர்களுக்குத் தலையைத் தொங்கவிடாமல் பக்கவாட்டில் படுக்கவைத்துச் செய்யும் மாற்று முறைகள் இருக்கின்றன. எந்தக் காது என்று தெரியாமல் வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே செய்துபார்ப்பது நல்லதில்லை.

துகள் திரும்பக் கழன்றுவிடவும் செய்யும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்தாண்டுக்குள் மறுபடி வருகிறது. தென் கொரியாவில் 957 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் சேர்த்துக் கொடுத்ததில் திரும்ப வருவது குறைந்திருந்தது.

எல்லாம் துகள் இல்லை

துகளால் வரும் தலைசுற்றல் வினாடிக் கணக்கில் முடிந்துவிடும். மணிக்கணக்கில் சுற்றினால், நாள்கணக்கில் சுற்றினால் கதை வேறு. தலைசுற்றல் எப்படி இருந்தது என்பதைவிட எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்தபோது வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில்தான் மருத்துவருக்கு அதிகம் உதவும். கூட்டம் நிரம்பிய புறநோயாளிகள் பிரிவில் இந்த மூன்றையும் பொறுமையாகக் கேட்க நேரம் கிடைப்பதில்லை. அங்கேதான் பலருடைய தேடல் தடம் மாறிவிடுகிறது.

காதில் இரைச்சல், அடைப்பு, கேட்கும் திறன் குறைவு ஆகியவற்றோடு மணிக்கணக்கில் சுற்றினால் மெனியேர் நோயா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டுக்கு வந்தது இதுதான். 1963இல் நாசா அவரைப் பறக்க விடாமல் நிறுத்தியது. 1968இல் காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மறுபடி தகுதி பெற்று, 1971இல் அப்போலோ 14 கலத்தில் நிலாவில் இறங்கினார். அறுவைதான் அவரைக் குணப்படுத்தியதா, நோய் தானாகவே அடங்கியதா என்பது பிற்காலத்தில் விவாதமானது. இந்த நோய் சிலருக்குத் தானே தணிந்துவிடும் என்பதால் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

நம் ஊரில் தலைசுற்றல் என்றவுடன் எழுதித் தரப்படுவது பீட்டாஹிஸ்டின். மெனியேர் நோய்க்கே அந்த மருந்து எவ்வளவு பயன்படுகிறது என்று ஜெர்மனியில் 221 பேரிடம் ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதைச் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. இதைவிடக் கவலை தருவது புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்ற மாத்திரைகள். சுற்றல் உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாளுக்கு இவை ஆறுதல் தரும். மாதக்கணக்கில் தொடர்ந்தால், புது நிலைக்குப் பழகிக்கொள்ளும் மூளையின் வேலையைத் தடுக்கும். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் கொண்டுவரும். பழைய சீட்டைக் காட்டி அதே அட்டையைத் திரும்பத் திரும்ப வாங்கும் பழக்கம் இங்கே ஆபத்தாகிறது.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலை வலிக்காமலே சுற்றுவதுண்டு. வெளிச்சமும் சத்தமும் அந்த நேரத்தில் பிடிக்காது. அதற்கான தெளிவான வரையறையே 2012இல்தான் வந்தது. சளி, காய்ச்சலுக்குப் பிறகு காது நரம்பு வீங்கினால் இரண்டு மூன்று நாள் எழுந்திருக்கவே முடியாது.

படுத்திருந்து எழுந்தால் மட்டும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றால் காதைவிட்டு ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் காரணம் அங்கே இருக்கிறது; பெரும்பாலும் பிரஷர் மாத்திரையின் அளவோ, புராஸ்டேட் மாத்திரையோ காரணமாக இருக்கும். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. பார்க்க வருகிறவர்கள், உட்காரவைத்து ஒருமுறையும் நிற்கவைத்து ஒருமுறையும் பிரஷர் பார்த்தால் எத்தனையோ வயதானவர்கள் கீழே விழுவதைத் தவிர்க்கலாம்.

மருந்தே சமநிலை உறுப்பைக் கொன்றுவிடுவதும் உண்டு. காசநோய்க்குப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி உட்செவியின் நுண்மயிர்களை நிரந்தரமாக அழிக்கக்கூடியது, ஜென்டாமைசினும் அப்படியே. இந்தியாவில் காசநோய் திரும்ப வந்தவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த ஊசி வழக்கமாகப் போடப்பட்டது. அமெரிக்க மருத்துவர் ஒருவர், ஸ்ட்ரெப்டோமைசினால் தன் சமநிலையை முழுதாக இழந்த கதையை 1952இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். முதலெழுத்துகளை மட்டும் போட்டிருந்தார். தன் நாடித் துடிப்புக்கே தலை அசைந்து எழுத்துகள் குதித்ததால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே தலையை முட்டுக்கொடுத்துத்தான் அவரால் ஒரு வரி படிக்க முடிந்தது. எப்போதோ டிபி ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், இருட்டில் நடக்க முடியவில்லை, நடக்கும்போது எதிரே வருகிறவர் முகம் ஆடுகிறது என்று சொன்னால், அந்தப் பழைய ஊசியைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

நிமிடக் கணக்கு முக்கியமாகும் நேரம்

காரணத்தை ஆற அமரத் தேட முடியாத ஒரு தலைசுற்றலும் இருக்கிறது. மூளையின் பின்பகுதியில் வரும் பக்கவாதம். பேச்சு குழறினால், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், வாய் கோணினால், கை கால் மரத்தால், விழுங்க முடியாவிட்டால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால் பித்தம் என்று படுக்கப் போடக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கிராமத்திலிருந்து டவுன் மருத்துவமனைக்குப் போகும் நேரமும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

இவ்வகைப் பக்கவாதம் முதல் இரண்டு நாளில் ஸ்கேனில் தெரியாமல் போவதுண்டு. சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் கோட்டைவிடும்; எம்.ஆர்.ஐ.கூடச் சில நேரம் தவறவிடும். விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நோயாளியின் கண் அசைவை மூன்று விதமாகச் சோதித்தால், ஆரம்பகட்ட எம்.ஆர்.ஐ.யைவிடத் துல்லியமாகச் சொல்லலாம் என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் 2009இல் காட்டினார்கள். ஸ்கேன் இயல்பு என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் திரும்புவதும், ஸ்கேன் எடுக்கவில்லையே என்று காது நோய்க்காரர் தவிப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

சுற்றலோடு ஒரு வாழ்க்கை

தலைசுற்றல் வெளியே தெரிவதில்லை. காய்ச்சல் இருந்தால் தொட்டுப் பார்க்கலாம், கட்டுப் போட்டிருந்தால் கண்ணால் பார்க்கலாம். சுற்றல் வந்து போன மறுநாள் ஆள் நன்றாகத்தான் இருப்பார். வேலைக்குச் சோம்பல், மாமியாரோடு மனத்தாங்கல் என்று வீட்டில் பேச்சு வரும். கடத்தூர்ப் பக்கத்து வாழ்க்கையில் ஒரு நிமிடச் சுற்றலுக்கும் விலை பெரிது. கிணற்று மேட்டில் நிற்க வேண்டும், தென்னை ஏற வேண்டும், பெங்களூருவில் சாரத்தின் மேல் சட்டி தூக்க வேண்டும், அடுப்பில் கொதிக்கும் உலையை இறக்க வேண்டும். சாரத்தில் நிற்பவர் விஷயத்தைச் சொன்னால் மேஸ்திரி வேலையைவிட்டு நிறுத்திவிடுவார். அதனால் சொல்லாமல் ஏறுகிறார்கள்.

விழுந்துவிடுவோமோ என்ற பயம் தனி நோயாக வளர்ந்துவிடும். துகள் சரியான பிறகும், நரம்பு வீக்கம் வற்றிய பிறகும், நிற்கும்போதும் நடக்கும்போதும் தரை லேசாக ஆடுவது போலவே மாதக்கணக்கில் இருப்பதுண்டு. சந்தைக் கூட்டத்திலும் ஓடும் பஸ்ஸிலும் அதிகமாகும். இதை மனப்பிரமை என்று தள்ளிவிடாமல் ஒரு நோயாக வரையறுத்தது 2017இல். மூளை, ஆபத்துக் காலத்தில் போட்ட காவலை விலக்க மறுப்பதால் வருவது. இதற்குப் படுக்கை மருந்தில்லை, பயிற்சிதான் மருந்து. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லண்டனில் காது மருத்துவர் காத்தார்னும் உடற்பயிற்சி மருத்துவர் குக்சியும் வகுத்த பயிற்சிகள் இன்றும் அதற்கு அடிப்படை. முதலில் கண்ணை மட்டும் மேலும் கீழும் அசைப்பது, பிறகு தலையை, பிறகு உட்கார்ந்து எழுவது, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பது. செய்யும்போது சுற்றும். சுற்றினால்தான் மூளை பழகும். இதை யாராவது முன்கூட்டியே எடுத்துச் சொல்லாவிட்டால், பயந்துபோய் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவு, பொது மருத்துவம், நரம்பியல் என்று எங்கே முதலில் போவது என்பதில்தான் கிராமத்து நோயாளி குழம்புகிறார். வினாடிக் கணக்கில் சுற்றினால், அல்லது காதில் இரைச்சல் இருந்தால், காது மூக்கு தொண்டைப் பிரிவு. எழுந்து நின்றால் மட்டும் என்றாலோ, நெஞ்சு படபடப்போடு என்றாலோ பொது மருத்துவம். அங்கே ஒரு இ.சி.ஜி. எடுப்பார்கள்.

பெரும்பாலும் டாக்டர் முன் உட்காரும்போது தலை சுற்றாது. அதனால் கையில் இருக்கும் செல்போனை இதற்குப் பயன்படுத்தலாம். சுற்றல் வரும்போது வீட்டில் ஒருவர், நோயாளியைக் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கச் சொல்லி, இரண்டு கண்ணும் தெரியும்படி நல்ல வெளிச்சத்தில் அரை நிமிடம் வீடியோ எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் படுத்தபோது வந்தது என்றும் அதிலேயே பேசிப் பதிவு செய்துவிடலாம். மருத்துவமனைக்குப் போகும்போது அந்த வீடியோவோடு, சாப்பிடும் பிரஷர் மாத்திரை அட்டைகளையும் பழைய ஊசிச் சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்துப்போக வேண்டும்.